ஒரு விரல் திறந்திருந்த லேப்டாப்

மூடி பொருந்தவில்லை என்பதை முதலில் பார்த்தது நான்தான். பார்த்தேனே தவிர, அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். மின்கலம் என்ற பாடம் வருடம் தவறாமல் வரும். எலுமிச்சம்பழத்தில் தாமிரக் கம்பியையும் துத்தநாக ஆணியையும் குத்தி, சின்ன விளக்கை எரியவைத்துக் காட்டுவேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அத்துடன் மின்கலம் முடிந்துவிடும்.

கொரோனா வருடத்து மார்கழி அது. வெள்ளிமலையில் எங்கள் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளின் வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் பிரித்துக் கொடுக்கும் வேலை மட்டும் எங்களுக்கு இருந்தது. கல்லூரி விடுதியை மூடியதால் என் மகளும் என்னோடுதான் இருந்தாள். பொறியியல், இரண்டாம் வருடம். வகுப்பு, பரீட்சை எல்லாமே லேப்டாப்பில். பெங்களூரில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த லேப்டாப் அது. மெலிதானது, தகர உடம்பு, பேட்டரி உள்ளேயே வைத்து மூடிய வகை. பழைய மாடல்களில் பின்பக்கம் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இதில் வராது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

நாங்கள் குடியிருந்தது ஒரு மலைக்கார விவசாயி வீட்டின் பக்கத்து அறையில். வீட்டுக்கார அக்காவின் சமையலறையும் எங்கள் அறையும் ஒரே சுவர். கார்த்திகையில் திருநாவலூரில் என் மாமனார் இறந்துபோனார். காரியம் முடியும்வரை பதினாறு நாள் கீழே இருக்க வேண்டியிருந்தது. அடைமழை நேரம். மலையில் மழைக்காலம் என்றால் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் தோல்பை பச்சை பூத்துவிட்டது. மகளின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் வைத்தும் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. லேப்டாப்பை இங்கே விட்டுவிட்டுப் போவதா, மழையில் ஜீப்பில் கொண்டுபோவதா என்று நான் தயங்கியபோது அக்காதான் சொன்னார்.

"எங்கிட்ட குடுங்க டீச்சரம்மா. பரண்ல வச்சுர்றேன். வெதை தினையே அங்கதான் கீது. ஒரு பூச்சி அண்டாது, ஒரு பொட்டு ஈரம் ஏறாது."

அடுப்புக்கு நேர் மேலே மூங்கிலில் கட்டிய பரண். அடுத்த வருடத்து விதைக்கான தினை, சாமை, கேழ்வரகுக் கதிர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். நாள் முழுவதும் புகையும் சூடும் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த மலையில் ஒரு குடும்பம் எதைத் தன் உயிராக நினைக்கிறதோ அதை வைக்கிற இடம் அது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. போவதற்கு முன் முழுச் சார்ஜ் போட்டு, நானே என் புடவையில் சுற்றி, நானே ஏறி வைத்தேன்.

திரும்பி வந்த அன்று அக்கா அதை இறக்கிக் கொடுத்தார். புடவை முழுக்கப் புகை வாசனை. அதைக் கையில் வாங்கியபோது ஒரு கணம் உடம்பு கூசியது. யாரோ இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல அது கதகதப்பாக இருந்தது.

மூடி அப்போதே சரியாக இல்லை. ஒரு ஓரம் நூல் அளவு தூக்கியிருந்தது. கீல் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் நூல் அளவு விரல் அளவானது. இரவு மூடி வைத்தால் காலையில் கொஞ்சம் திறந்திருக்கும். அழுத்தினால் இறங்கும், கையை எடுத்தால் மெல்ல ஏறும். ஒருநாள் மகள் வகுப்பின் நடுவில் கத்தினாள்.

"ம்மா! இங்க வா! நான் தொடல பாரு, கைய பாரு!"

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. கொஞ்சம் போகும், நிற்கும். எதையோ யோசிப்பதுபோல நிற்கும். பிறகு ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நீலமாக்கும். வகுப்பில் கையைத் தூக்கும் பொத்தானை அதுவே அழுத்தியது. ஆசிரியர் அவள் எண்ணைச் சொல்லி, "என்ன சந்தேகம்?" என்று கேட்டார். அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சத்தம் கேட்டு வந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கையே இல்லாம வேலை செய்யுதே! நம்ம வூட்டுக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும், களை எடுக்கறதுக்கு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் மட்டும் தணிந்த குரலில் கேட்டார். "சாவு வூட்டுலேருந்து வந்தீங்களே, தலைக்குத் தண்ணி ஊத்திக்கினுதான உள்ள வந்தீங்க?"

குளித்துவிட்டுத்தான் வந்தோம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் இருந்தது. சார்ஜ் போட்டிருக்கும்போது அந்தத் தகர உடம்பின் மேல் விரலை லேசாக ஓட்டினால் எறும்பு ஊர்வதுபோல ஒரு துடிப்பு. ஷாக் என்று சொல்ல முடியாது. பூனையைத் தடவும்போது உள்ளுக்குள் ஓர் உறுமல் கையில் படுமே, அந்த மாதிரி. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். அது வாங்கிய நாளிலிருந்தே இருந்ததுதான். சார்ஜருக்கு மூன்று முனை, எங்கள் அறைச் சுவரில் இரண்டு ஓட்டை. அதனால் நடுவில் ஒரு மாற்றுப் பிளக்கைச் சொருகியிருந்தேன். இத்தனை மாதம் நாங்கள் பொருட்படுத்தாத அந்தத் துடிப்பு இப்போது வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் நான் இரண்டு ஊர்களுக்கு அரிசி கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி வாசல் தெரியவில்லை. அறையில் மகள் பெஞ்சுக்கு எதிரே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மேல் லேப்டாப் அவளைப் பார்த்தபடி திறந்திருந்தது. திரைக்கு மேலே கேமராவின் சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது. பரீட்சையைக் கேமரா முன்னால் உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தவள் அப்படியே தூங்கிவிட்டாள் போல என்று நினைத்து, நான் அதை அணைக்கக் குனிந்தேன். திரையின் மூலையில் ஒரு சின்னப் படம் மாறியது. குனிந்திருந்த என் தோள்.

படங்களைத் திறந்தேன். நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் அன்று எடுத்தவை. யாரும் இல்லாத அறை. ஜன்னல் வழியே பனி உள்ளே வரும் அறை. கதவு சாத்தியிருந்தது. அடுத்த படத்தில் கதவு பாதி திறந்திருந்தது. பிறகு என் மகள் வருகிறாள், பாயை விரிக்கிறாள், படுக்கிறாள். அதற்கப்புறம் எல்லாம் அவள் தூங்குகிற படங்கள். ஒரே இடத்திலிருந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒன்றாக, அவள் ஒருக்களிப்பதும் வாய் லேசாகத் திறப்பதும் போர்வை விலகுவதும்.

அவளை எழுப்பவில்லை. அத்தனை படங்களையும் அழித்தேன். என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கேமராவின் மேல் ஒட்டினேன்.

ஆன்லைன் வகுப்புக்குள் யார் யாரோ நுழைந்து அசிங்கமாகப் பேசியதாக ஆசிரியர்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம். யாரோ ஒருவன் எங்கிருந்தோ இதை இயக்குகிறான், என் பெண்ணைப் பார்க்கிறான் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. அவள் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வியே தப்பு.

"யார்கிட்டனா பாஸ்வேர்டு குடுத்தியாடி?"

"இன்னாம்மா பேசற நீ?"

"கிளாஸ்ல எந்தப் பையனாவது…"

"போம்மா. அரிசி மூட்டைக்கு நடுவுலயே இருந்து உனக்கு மூளை புழுத்துப்போச்சு."

இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. படங்களைப் பற்றி நான் சொல்லவே இல்லை. பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கருவி திறந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வாங்கி, போர்வையில் சுற்றி, பெஞ்சின் மேல் வைத்து, அவள் தூங்கியதும் அதன் மேல் பள்ளிக்கூடத்து அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கி வைப்பேன். அப்போதுதான் மூடி மூடும். அந்தப் பக்கத்திலேயே, பெஞ்சின் காலை ஒட்டி, என் மகள் தலை வைத்துத் தூங்குவாள். நான்கு நாள் இப்படிச் செய்தேன், அவள் எழுவதற்குள் மூட்டையை இறக்கிவிடுவேன். மூன்றாம் நாள் காலையில் மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அறையில் ஒரு தித்திப்பு வாசனை. நகப்பூச்சு வாசனை மாதிரி.

"பரீட்சை நேரத்துல நகத்துக்குச் சாயம் கேக்குதா?" என்று அவளை அதட்டினேன். அவள் பத்து விரல்களையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். வெறும் நகங்கள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பினோம். அவள் அதை முதுகுப்பையில் போட்டு மாட்டிக்கொண்டாள். பையின் ஜிப் கடைசி நான்கு பல் மூடவில்லை.

ஜீப் கச்சிராயபாளையம் வரைக்கும்தான் போனது. இடஒதுக்கீடு கேட்டு அந்த மாதம் முழுவதும் கீழே போராட்டம். ஒருநாள் ஆபீஸ் வாசலில் மனு, ஒருநாள் மறியல், எந்த நாளில் எது என்று யாருக்கும் தெரியாது. டவுன் பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. நான் எட்டாவது படிக்கும்போதும் இதே போல ஒரு போராட்டம் நடந்தது. அப்போது ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். ஒரு வாரம் எந்த வண்டியும் போகாத அந்த ரோட்டின் அமைதியை நான் மறக்கவில்லை. இந்த முறை மரங்கள் விழவில்லை, ஆனால் அந்த அமைதி அப்படியே வந்திருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றன. வெயிலில் கரும்புச்சாறு புளிக்கிற வாசனை மட்டும் எங்கும் வீசியது.

நடந்து போகிறவர்களை விட்டார்கள். ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்பு காய்கறி கொண்டுவந்தவர், என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா டீச்சர், இந்த வெயில்ல? பொண்ணா இது? இன்னா படிக்குது?"

"இன்ஜினியரிங்கு."

"அந்தச் சீட்டு எங்க புள்ளைங்களுக்கும் கெடைக்கணும்னுதான் இப்படி ரோட்ல வெந்துகினு கீறோம். முதுகுல இன்னாம்மா, மூட்டை கணக்கா உப்பிக்கினு?"

"லேப்டாப்பு, ரிப்பேருங்க" என்றாள் மகள்.

"பாத்துப் போம்மா. டீச்சருக்கு வழி உடுப்பா."

கால் மணி நேரம் நடந்த பிறகு, மறியலைப் பார்த்துத் திரும்பிய ஒரு காலி டிராக்டர் எங்களை ஏற்றிக்கொண்டது. டிரைவர் என் மகளைத் தன் பக்கத்து மட்கார்டில் உட்காரச் சொன்னார். எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. பையை அவள் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். குழி வரும்போதெல்லாம் அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். கீழே விழுந்து உடைந்துவிடக் கூடாதே என்று நான் பின்னால் டிரெய்லரிலிருந்து, "கெட்டியாப் புடிச்சுக்கோ, கெட்டியாப் புடிச்சுக்கோ" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

இப்போதும் பகலில், கரும்பலகை முன்னால் நிற்கும்போது, திடீரென்று என் குரல் எனக்குக் கேட்கும்.

கள்ளக்குறிச்சியில் லேப்டாப் சரிசெய்கிறவர் முப்பது வயதுக்காரர், நிறையப் பேசுவார். நான் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அம்புக்குறி, கேமரா, யாரோ பார்ப்பது. அவர் கேட்டுக்கொண்டே லேப்டாப்பை மேசையில் வைத்து, குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

"பாப்பா, எதிர்க்கடையில மூணு டீ சொல்லிட்டு அங்கயே உக்காந்துரும்மா. நான் கூப்புடறேன்."

அவள் போனதும் என்னிடம் திரும்பினார். "நீங்களும் வாசப்படியில நில்லுங்க டீச்சர். இன்னிக்கு சார்ஜ் போட்டீங்களா?"

"காலையில போட்டேன்."

"ஃபுல்லா?"

"ஃபுல்லா."

அவர் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். கடைசித் திருகாணி வந்ததும் அடிமூடி தானாகவே மேலே எழும்பியது. உள்ளே பேட்டரி. மூன்று வெள்ளிப் பொட்டலங்கள் பக்கம் பக்கமாக ஒட்டியிருக்க வேண்டியவை, தட்டையாக அட்டை மாதிரி இருக்க வேண்டியவை. மூன்றும் எண்ணெயில் விழுந்த அப்பளம்போல உப்பி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருந்தன. அந்த நகப்பூச்சு வாசனை கடை முழுக்கப் பரவியது.

"யாரும் பாக்கல டீச்சர். இதுதான்" என்றார். "டச்பேடு இருக்கு பாருங்க, அதுக்கு நேர் கீழ பேட்டரி. இது உப்பி உப்பிக் கீழருந்து அமுக்குது. மேல விரல் வச்ச மாதிரி மிஷினு நெனைச்சுக்குது. கேமரா தெறந்திருக்க சொல்ல அம்புக்குறி அந்தப் பட்டன் மேல நின்னிருக்கும். இது ஒரு தபா அமுக்கனா ஒரு போட்டோ."

என் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. அந்த நிம்மதி எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட நிலைக்கவில்லை. அவர் பிளாஸ்டிக் அட்டையைப் பேட்டரிக்கு அடியில் நுழைத்து, வெடிக்கிற ஒன்றின் பக்கத்தில் மூச்சு விடுவதுபோல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு நெம்புவதைப் பார்த்தேன்.

"உள்ள ஒரு திரவம் இருக்கு. சூடு பட்டா அது சிதைஞ்சு காத்தாவும். சீல் பண்ண பொட்டலம், காத்து வெளிய போவ வழியில்ல. பழைய பேட்டரி, ஃபுல் சார்ஜ், சூடு, மூணும் சேந்தா இப்படித்தான். அடுப்பு கிடுப்புப் பக்கத்துல வச்சீங்களா?"

பரணைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வெதையை வைப்பாங்க டீச்சர் அங்க."

"ஆமா."

"வெதைக்கு அது நல்லது." அவ்வளவுதான் சொன்னார்.

பேட்டரி கையோடு வந்தது. அதை ஒரு தகரத் தட்டில் வைத்தார். ஓர் ஓரத்தில் பொட்டலம் மடங்கிக் கோடு விழுந்திருந்தது. அதை விரலால் காட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மேல ஏதாவது வெயிட்டு வச்சீங்களா? வெயிட்டு பட்டிருந்தா உள்ள தகடும் தகடும் ஒட்டிக்கும். அப்பறம் எப்ப பத்தும்னு சொல்ல முடியாது. மணல்ல பொதைச்சு வெட்டவெளியில வைக்கணும். வெயிட்டு படலன்னா பின்னாடி ஷெட்டுல மத்ததோட போட்டுட்டு, பழைய பேட்டரி எடுக்கற வண்டி வந்தா குடுத்துடுவேன். வண்டியும் மறியலால வரல."

எதிர்க்கடையில் என் மகள் டீ கிளாஸை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமாட்டில் நான்கு நாள் அரிசி மூட்டைக்கு அடியில் இதை வைத்திருந்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. அறிவியல் டீச்சர்.

"இல்லயே" என்றேன்.

அதற்கப்புறம் அவர் பழையபடி பேச ஆரம்பித்தார். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டலாமா என்று கேட்டேன். ஓடும், ஆனால் கரண்ட் போன நொடியில் எல்லாம் அணைந்துவிடும் என்றார். வெள்ளிமலையில் மார்கழியில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்போம். பேட்டரி வாங்கித்தான் ஆக வேண்டும்.

அவர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஒன்றில் கொட்டை எழுத்தில் பெரிய எண் போட்டு, பழையதைவிட ஒன்றரை மடங்கு தாங்கும் என்று எழுதியிருந்தது. என் கை தானாக அதற்குப் போனது.

"அத்த உடுங்க. அதே பொட்டலத்துல ஒன்றரை மடங்கு எப்படி அடங்கும்? கையில தூக்கிப் பாருங்க, வெயிட்டே இல்ல." பழைய பேட்டரியின் சீட்டைத் திருப்பிக் காட்டினார். "இந்த நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். வோல்ட்டு அதேதான் இருக்கணும், கூடவும் கூடாது, கம்மியும் கூடாது. அப்பறம் செஞ்ச தேதி. சும்மா பெட்டியில கெடந்தாலும் பேட்டரிக்கு வயசாவும், டீச்சர். நமக்கு ஆவலையா?"

மூன்றாவது பெட்டியில் இருந்தது எல்லாவற்றுக்கும் ஒத்து வந்தது. அதைப் பொருத்திவிட்டு என் சார்ஜரைக் கேட்டார். மாற்றுப் பிளக்கைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"கையில எறும்பு ஊருதா?"

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதும் திடுக்கிட்டேன்.

"மூணாவது பின்னு எர்த்து. சார்ஜருக்குள்ள கொஞ்சூண்டு கரண்டு எப்பவும் ஓரமா வந்துகினே இருக்கும், அது மண்ணுக்குப் போவணும். நீங்க வழியை அடைச்சுட்டீங்க. அது தகரத்துல நின்னுக்கினு, நீங்க தொட்டா உங்க வழியாப் போவப் பாக்குது." சார்ஜரின் வயர் கழுத்தில் விரிந்திருந்ததால் அதையும் மாற்றச் சொன்னார். முனை பொருந்துகிறது என்று நான் எடுத்த ஒன்றைப் பிடுங்கி வைத்தார். பொருந்துவது முக்கியமில்லை, வோல்ட் அச்சாக அதேதான் வேண்டும். ஆம்பியர் பழையதுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருந்தால் சார்ஜர் இழுத்து இழுத்துச் சூடேறும். கூடுதலாக இருந்தால் லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். முனையின் நடுவில் ஊசிபோல ஒரு மெல்லிய கம்பி இருந்தது. அதன் வழியாகச் சார்ஜர் தான் யாரென்று லேப்டாப்பிடம் சொல்லுமாம். சொல்லாவிட்டால் லேப்டாப் சார்ஜ் ஏற்றிக்கொள்ளாது.

இதையெல்லாம் நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். இன்றும் அந்தத் தாளை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு மின்கலம் நடத்துகிறேன். ஆனால் அன்று எழுதும்போது என் கண் அந்தத் தகரத் தட்டின் மேலேயே இருந்தது. சின்னதாக ஒரு சத்தம் வந்தது. தகரம் சூட்டில் நெளியும்போது வருமே, அந்தச் சத்தம். அவருக்குக் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வெறுங்கையோடு வந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்கார அக்காவின் கணவர் சுவரோரம் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் கம்பி இறக்கி, சுவரில் மூன்று ஓட்டைப் பிளக் பாயின்டும் மாட்டிக் கொடுத்தார். எறும்பு ஊர்வது நின்றது. மூடி பொருந்தியது. அம்புக்குறி வைத்த இடத்தில் நின்றது. அறை இப்போது அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. காய்ந்த துணியை மடிக்கும்போதும், மூட்டையைப் பிரித்து அரிசி அளக்கும்போதும், தட்டில் வந்த அந்தச் சத்தம் எங்கோ கேட்பதுபோல நின்று கவனிப்பேன். கடைக்காரருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்ல மூன்று முறை எண்ணைத் தேடினேன். மூன்று முறையும், பேட்டரி எடுக்கும் வண்டி வந்து போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன்.

பரீட்சைக்கு முந்தைய நாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார். மகள் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், புது பேட்டரி நல்லாருக்கா? டச்பேடு சமமா இருக்கா?"

"இருக்கு."

"அது ஒண்ணும் ஆவாது, அது நல்ல சரக்கு. பழசு இருக்குதே… காலையில ஷெட்டுல பத்திக்கிச்சு. யாரும் தொடல டீச்சர். நான் இட்லி தின்னுக்கினு இருந்தேன். உஸ்ஸுன்னு ஒரு சத்தம், பாம்பு கணக்கா. போயிப் பாத்தா கூரை வரைக்கும் வெள்ளைப் புகை, அப்பறம் நெருப்பு. ரிப்பேருக்கு வந்த பசங்க லேப்டாப்பு ரெண்டு உள்ள இருந்துச்சு. ரெண்டும் போச்சு."

"உங்களுக்கு…?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. புருவம் கொஞ்சம் பொசுங்கிடுச்சு, எம் பொண்டாட்டி சிரிக்கறா." அவரே சிரித்தார். பிறகு நிறுத்தினார். "அதான் யோசிச்சுக்கினே கீறேன் டீச்சர். உப்புன பேட்டரி நெறைய பாத்துட்டேன். சும்மா வச்சா இப்படி ஆவறதில்ல. நீங்க வெயிட்டு வைக்கலன்னீங்க. நானும் ஷெட்டுல உட்டுட்டேன். ஒருவேள கழட்டும்போது நான்தான் அழுத்திட்டேனோன்னு…"

அவர் தன் கைமேல் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். போனைக் காதில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை.

"மூட்டை வச்சேன்" என்றேன். "அரிசி மூட்டை. நாலு நாள். அன்னிக்கு நான் பொய் சொன்னேன். உங்க கை இல்ல, என்னாலதான். அந்தப் பசங்க ரெண்டு பேருக்கும் லேப்டாப்புக்கு நான்தான் பொறுப்பு."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. கீழே பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது போல.

"எங்க வச்சீங்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பக்கங்கள் புரளும் சத்தம் நின்றிருந்தது. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தாள். அதன் காலை ஒட்டி அவளுடைய பாயும் தலையணையும் சுருட்டி வைத்தபடி இருந்தன.

"இங்கயாம்மா?" என்றாள்.

"இங்கதான்" என்றேன், இரண்டு பேருக்கும்.